கிண்ணத்து நீர்

மேலே நடப்பதெல்லாம் கோட்டைத்தலைவனுக்குத் தெரியும்.
எத்தனை ஏணி, எத்தனை வில், நேற்று கவண்பொறி
எறிந்த கல்லின் எடை என்ன
என்று விரல்விட்டுச் சொல்வான்.
கீழே நடப்பதற்குத்தான் என்னைப் பிடித்துவந்தார்கள்,
ஹார்ட்ஸ் மலையில் வெள்ளி தோண்டியவனை.
நாளுக்கு இரண்டு காசு, ஒரு ரொட்டி.
முற்றுகை இறுகிய பிறகு அரை ரொட்டி.

வடகிழக்குக் கோபுரத்தின் நிலவறையில்
சாயக்காரி கிஸ்லாவின் கிண்ணங்கள் ஆறு.
பித்தளை. விளிம்பில் நீலக் கறை.
தளும்பத் தளும்ப நீர் ஊற்றித் தரையில் வைத்து,
குப்புறப் படுத்து, மூச்சைக் குறைத்து,
விளக்கொளியில் நீரின் முகத்தையே பார்த்துக் கிடப்பது.
என் போர் அவ்வளவுதான்.
மதில்மேல் நின்றவனுக்குச் சூட ஒரு பூவாவது இருக்கும்.

ஒன்பதாம் நாள்
மூன்றாவது கிண்ணம் சிலிர்த்தது.
காதைத் தரையில் ஒட்டினேன்.
டொக், டொக், டொக்.
ஒரு நிறுத்தம்.
டொக்.

உள்ளங்கையில் எச்சில் துப்பத்தான் அந்த நிறுத்தம்.
வெண்டல்!
பதினோரு ஆண்டு ஒரே சுரங்கத்தில்
அவன் முதுகுக்குப் பின்னால் தவழ்ந்திருக்கிறேன்.
என் தங்கையைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லிக்
கட்டாமல் போனவன்.
பாறை சரிந்தபோது
என் காலைப் பிடித்து வெளியே இழுத்தவனும் அவன்தான்.
இடக்கால். மழை வந்தால் இன்னும் வலிக்கும்.

அவன் என்ன செய்கிறான் என்று எனக்குத் தெரியாதா?
அடித்தளக் கல்லை ஒவ்வொன்றாய் உருவி
ஓக் மரத்தில் முட்டுக் கொடுப்பான்.
மதிலின் பாரம் மெல்ல மரத்துக்கு மாறும்.
அப்புறம் வைக்கோல், சுள்ளி, பன்றிக்கொழுப்பு.
முட்டு எரிந்தால்
கோபுரம் தானாக மண்டியிடும்.

நான் செய்யவேண்டியதும் தெரியும்.
எதிரே ஒரு குழி வெட்டி, கோழியிறகைக் கொளுத்தி,
அவன் இருக்கும் பொந்துக்குள்
துருத்தியால் புகை ஊதவேண்டும்.
தின்கிற ரொட்டி அதற்குத்தான்.

'எங்கே தோண்டுகிறார்கள்?'
'இன்னும் பிடிபடவில்லை, ஐயா.'

அன்றிரவு மூன்றாவது கிண்ணத்தை நகர்த்திவிட்டு
சுத்தியலால் தரையைத் தட்டினேன்.
இரண்டு, இரண்டு, ஐந்து.
கூரை பேசுகிறது, வெளியே ஓடு என்று அர்த்தம்.
எங்கள் மலையில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும்.

வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு, மண்ணுக்கு அந்தப் பக்கமிருந்து,
இரண்டு, இரண்டு, ஐந்து.
கிண்ணங்களைப் பார்த்துக்கொள்ள ஓட்கரைக் கீழே அனுப்பிவிட்டு
தொழுவத்தில் போய்ப் படுத்தேன்.
நல்ல தூக்கம்.

ஓட்கர், கிஸ்லாவின் மகன்.
குறுக்குவில்லுக்கு நாண் ஏற்றுகிற பையன்.

வெண்டல் ஓடத்தான் செய்தான்.
ஓடிப்போய்த் தன் தலைவனிடம்
'கண்டுபிடித்துவிட்டார்கள்' என்றிருக்கிறான்.
இனித் தாமதிக்கலாகாது என்று
பதினெட்டு அடி மிச்சமிருக்கும்போதே
கொழுப்பில் தீயை வைத்துவிட்டார்கள்.
கோபுரம் முழுதாக விழவில்லை.
விழுந்த பாதி போதுமாயிருந்தது.

நின்ற பாதியில் ஐந்து கிண்ணங்கள் கிடைத்தன.
கிஸ்லா வந்து வாங்கிப்போனாள்.
எண்ணிப் பார்க்கவில்லை.
அந்தப் பதினெட்டு அடிக்கு
வெண்டலின் கூலியில் பிடித்தம் என்று கேள்வி.

இப்போது கோட்டைக்குப் புதிய தலைவன்.
அவனுக்கும் வடகிழக்கில் ஒரு கோபுரம் வேண்டுமாம்.
மண்ணறிந்தவர்கள் இரண்டே பேர்.
ஒரே பள்ளம். அவன் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில்.
டொக், டொக், டொக். எச்சில். டொக்.
தட்டியது யார் என்று அவன் கேட்கவில்லை.
நானும் வாய் திறக்கவில்லை.

நேற்று மண்ணோடு மண்ணாக
நசுங்கின பித்தளை ஒன்று வந்தது.
வெண்டல்தான் எடுத்தான். சட்டையில் துடைத்தான்.
விளிம்பைக் கொஞ்சம் நிமிர்த்திப் பார்த்து
'தண்ணீர் குடிக்க ஆகும்' என்று
என்னிடம் நீட்டினான்.