இஸ்திகானாக் கணக்கு

அபூ மிஷாரியின் திவானியாவில்
ஞாயிறும் செவ்வாயும் அரசியல்.
நான் அதை இஸ்திகானாவில் அளப்பேன்.
இடை சிறுத்த கண்ணாடிக் குவளை.
தேர்தல் மாதம் நூற்றிருபது,
ஆசூரா விடுமுறைக்கு நாற்பது,
மழை பெய்தால் இருபது.

பதினோரு வருடத்தில் என் அரபு
தட்டோடு போய்த் தட்டோடு திரும்பியது.
தஸ்தூர் என்றால் அரசமைப்பு,
ஹுர்ரியா என்றால் சுதந்திரம்,
ஷக்கர் கலீல் என்றால் சர்க்கரை குறைவு.

ஹவல்லியில் புத்தகக் கடை வெடித்தபோது
உள்ளே இருந்தவர் ஹமூத்.
மூன்றாம் மெத்தை. சர்க்கரையே வேண்டாம் என்பவர்.
கூடவே, கடை பெருக்கும் நேபாளிப் பையன்.
பத்திரிகையில் அவன் ‘மற்றும் ஒருவர்’.

பையை வைத்தவன் பிடிபட்டான்.
படம் வந்தது.
நான் தேநீர் கொடுத்த முகம்.

நோன்புக்கு முன் நான்கு தடவை
மாமனோடு வந்திருக்கிறான்.
மூன்று கரண்டிச் சர்க்கரை.
செருப்பைச் சுவரோரம் நேராக வைப்பான்,
அடுத்தவர் செருப்பையும் நேராக்குவான்.
ஒருநாள் மெல்லச் சொன்னான்:
“ஹுர்ரியா என்பது வழிகேட்டுக்கு
நீங்கள் வைத்த செல்லப் பெயர்.”
அபூ மிஷாரி முழங்காலைத் தட்டிச் சிரித்தார்,
“அப்படி வா, வாதம் செய்.”
அவன் வாதம் செய்யவில்லை.
குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

அவனும் நானும் ஒரே திசை பார்த்துத்தான் தொழுகிறோம்.
ஸலாம் கொடுக்கத் திரும்பும்போது
பக்கத்தில் இருப்பது யார் என்று பார்க்கும் பழக்கம்
அதற்குப் பிறகு வந்தது எனக்கு.

பத்தாம் நாள் அபூ மிஷாரி எழுதினார்:
அவனுக்கும் வக்கீல் வேண்டும்,
திறந்த நீதிமன்றம் வேண்டும்,
அடித்து வாங்கும் வாக்குமூலம் வேண்டாம்.

அறுபது.
முப்பத்திரண்டு.
பதினொன்று.

ஹமூதின் தம்பி வந்தார்,
செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றார்.
“நான் என் அண்ணனைச் சுவரிலிருந்து எடுத்தேன்.
நீ அவனுக்கு வக்கீல் எடுக்கிறாய்.”
அபூ மிஷாரியிடம் பதில் இருந்திருக்கும்.
சொல்லவில்லை.
என் தட்டில் தேநீர் ஆறியது.

அந்த வாரம் அவர் காரில்
ஆணியால் கீறியிருந்தார்கள், காஃபிர் என்று.
பழைய நண்பர்கள் துரோகி என்றார்கள்.
பெயிண்ட் கடைக்கு வண்டியை விட்டது நான்.

ஜலீபில் எங்கள் அறையில் ஆறு கட்டில்.
ஊரிலிருந்து எவனோ முருகபூபதிக்கு அனுப்பியிருந்தான்:
‘அவனுங்களே அடிச்சிக்கிட்டுச் சாகட்டும்.’
நான் பார்க்குமுன் அவன் அழித்தான்.
அழித்ததை நான் பார்த்துவிட்டேன்.
அன்றிரவு மீன் குழம்பு.
ஒரே சட்டியில் தின்றோம், அதிகம் பேசாமல்.

பிறகு ஒரு செவ்வாய்,
யாரும் வரவில்லை.
“செய்யது மாதர், நீ என்ன நினைக்கிறாய்?”
பதினோரு வருடத்தில் முதல் கேள்வி.
சுற்றிப் பார்த்தேன். நான்தான் இருந்தேன்.

“தூக்கில் போடணும்” என்றேன்.
“அந்த நேபாளிக்கு வக்கீல் வைக்க
யாரும் எழுதலையே.”

அவர் முகம் சிவந்தது. பின் நிமிர்ந்தது.
முக்கால் மணி நேரம் எனக்காக வாதாடினார்,
நான் நூறு பேர் போல.
இன்று அவனுக்கு இல்லாத சட்டம்
நாளை உனக்கு இருக்காது என்றார்.
அந்த ஒன்று மட்டும் உள்ளே போய்த் தங்கியது.
மற்றபடி நான் மாறவில்லை.
பையனின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.
தில் பகதூர்.

இரண்டு குவளை கழுவினேன்.
கழுவும்போது யோசித்தேன்,
சட்டம் எனக்கு எங்கே இருக்கிறது?

மறுநாள் காலை கேட்டேன்:
“பாபா, என் பாஸ்போர்ட்டை நீங்கள் வைத்திருப்பது
சட்டப்படி கூடாதாமே?”

நெடுநேரம் என்னைப் பார்த்தார்.
“சரிதான்” என்றார். “நூறு சதவீதம் சரி.”
பெட்டகச் சாவியைத் தேடினார்.

இன்று வியாழன்.
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.