கட்டம் நிரப்பியவன்

காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு.
உட்துறைமுக இறங்குதுறையின் கடைசித் தூணில்
வெள்ளையடித்த பலகை, கறுப்புக் கோடுகள்.
நீர் எந்தக் கோட்டை நக்குகிறதோ
அதை எழுதிவர வேண்டும்.
இவ்வளவுதான் உத்தியோகம்.

கந்தோரிலிருந்து தூணுக்கு
நூற்றி அறுபது எட்டு.
முதல் வருடம் எண்ணித்தான் நடந்தேன்.

திருக்கோணமலைக் கடல் பெரிய ஆட்டக்காரி அல்ல.
இரண்டடிக்குள்ளே அவள் ஏற்றமும் இறக்கமும்.
நேற்று ஒன்று தசம் மூன்று என்றால்
இன்றைக்கு அதன் பக்கத்தில் ஏதோவொன்று.
கச்சான் அடித்த ஒரு மத்தியானம்
சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்க
கதிரையில் இருந்தபடியே
அந்த ஏதோவொன்றை எழுதினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.
அதுதான் பயங்கரம் என்று இப்போது சொல்கிறேன்.
அன்றைக்குச் சொன்னது
'அப்பாடா.'

பொய்யைப் பல்லும் நகமுமாய் நினைத்திருந்தவன் நான்.
அது கதிரைக்கடியில் படுத்திருந்த பூனை.
காலைக் கொஞ்சம் நகர்த்தினேன்,
இடம் தந்தது.

பிறகு படித்தேன்.
சோம்பேறிக்குக் கல்வி ஏறாது என்பவர்கள்
சோம்பலை அறியாதவர்கள்.
பறுவத்துக்கு எவ்வளவு, அமாவாசைக்கு எவ்வளவு,
வாடை நாலு நாள் நின்றால் எத்தனை விரல் கூடும்,
நூலகத்தில் இரவல் எடுத்து
விடியவிடிய விளக்கெரித்துக் கற்றேன்,
அந்த நூற்றி அறுபது எட்டை நடக்காதிருக்க.
என் பொய்கள் கடலைவிட ஒழுங்காயின.

மற்ற முறைக்காரன் சாபிதீன்.
கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வருவான்.
மாரியில் பஸ் ஓடாத நாளின் கட்டத்தை
வெறுமையாய் விட்டுவிடுவான்.
அலை எழும்பிப் பலகையை மூடினால்
'தெரியவில்லை' என்று எழுதுவான்,
வெட்கமே இல்லாமல்,
அழகான கையெழுத்தில்.

கொழும்பிலிருந்து பரிசோதிக்க வந்த கிருபைநாதன்
இரண்டு பேரேட்டையும் விரித்தார்.
என்னுடையதைத் தடவினார், கூறைப்பட்டைத் தடவுவதுபோல.
அவனுடையதில் விரல் வைத்து எண்ணினார்.
பதினேழு ஓட்டை.
"பொறுப்பில்லாத ஆள்."

சாபிதீன் என்னைப் பார்த்தான்.
அவனுக்குத் தெரியும்.
மழை நாளிலும் காய்ந்திருக்கும் என் செருப்பைக்
கண்டவன் அவன்.
சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.
பிளேன்டீ இரண்டும் ஆவி விட்டன,
எது யாருடையதென்று தெரியாமல்.

அவனில் எனக்குப் பகை கிடையாது.
அன்று பகலும் அவன் கொண்டுவந்த
சூரைப் பொரியலில் பாதி தின்றேன்.
அவனுக்குச் சம்பள உயர்வு நின்றது அந்த வருடம்,
மூத்தவளின் காதுத்தோடு அடகுக்குப் போனது.
யாரையும் தள்ளிவிழுத்த நான் எழும்பவில்லை.
எழும்பவேயில்லை.
அவ்வளவுதான் நான் செய்தது.

பழைய பேரேடுகளைக் கழித்து வெளியில் போட்டார்கள்.
கோட்டைப் பக்கத்து மான்கள் வந்தன.
அவன் பக்கம், என் பக்கம், மாறிமாறி மென்றன.
ஒன்றையும் துப்பவில்லை.
மானிடம் எதை எதிர்பார்த்து நின்றேனோ தெரியாது.

ஓய்வூதியம் எடுத்தபின் ஒருநாள்
காவலாளியிடம் கெஞ்சி உள்ளே போய்
கந்தோரிலிருந்து தூண்வரை நடந்தேன்.
இருநூற்றிப் பதினொன்று வந்தது.

கால் சுருங்கியிருக்கும்.
அல்லது
முதல் வருடமும் நான் எண்ணவில்லை.