மூன்றாவது துளை

பாகூவில் நவம்பர் கடைசி வாரம்
ஹஸ்ரிக் காற்று ஜன்னலை அறையத் தொடங்கியதும்
ஓட்டலின் அடித்தளத்துக்குப்
பாவாடைகள் வந்து சேரும்.
பாவாடை என்றால் கோபம் வரும் அவர்களுக்கு.
கில்ட்.
பதினோரு வருஷமாகத் தேய்க்கிறேன்,
வாய்க்கு இன்னும் பழகவில்லை.

எட்டு கஜம் கம்பளி.
இருபத்தேழு கொசுவம்.
சிவப்புக் கோடு சிவப்புக் கோட்டின் மேலேயே
உட்கார வேண்டும்.
நூலளவு நழுவினாலும்
ராங்கின் அம்மையாரின் கண் நேரே அங்கே போகும்.
சங்கத்தின் செயலாளர்.
மற்ற நாளில் எண்ணெய்க் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார்,
அங்கேயும் அப்படித்தானாம்.

துணிக்காரர்களை எனக்கு முகத்தால் தெரியாது,
இடுப்பால் தெரியும்.
பச்சைக் கட்டம், வருஷத்துக்கு ஒரு துளை பெருப்பவர்.
மஞ்சள் இழை, சிகரெட்டால் மடியைச் சுட்டுக்கொள்பவர்.
கருநீலம், லாக்லன் மக்வின்னி.
உள்பட்டையில் மையால் எழுதிய பெயர்.
பத்து வருஷமும் மூன்றாவது துளை.
அங்கே தோல் கறுத்து
வாய் பிளந்து கிடக்கும்.

இந்த வருஷம்
இரண்டிலும் இல்லை, ஒன்றிலும் இல்லை.
அதற்கும் உள்ளே
ஆணியால் குத்திய புதுத் துளை.
விளிம்பு இன்னும் வெள்ளை.

யாரைக் கேட்பது, என்னவென்று கேட்பது?
நீராவி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு பக்கிளைப் பிரித்து
உள்ளே தள்ளித் தைத்தேன்,
முள் பழையபடி
மூன்றாவது துளையில் விழட்டும் என்று.

மாடியில் சமையலறை ஒரே அமளி.
அபர்டீனிலிருந்து வரவேண்டிய ஹாகிஸ்
சுங்கத்தில் மாட்டிக்கொண்டதில்
மிர்சாகாவே செய்துவிட்டான்.
ஆட்டு ஈரல், இதயம், நுரையீரல், ஓட்ஸ், மிளகு.
"எங்கள் வீட்டில் இதை வாணலியில் புரட்டி
ரொட்டியோடு தின்று கை கழுவுவோம்.
இங்கே வாத்தியம் வைத்து ஊர்வலம்!
குடலுக்கு வந்த வாழ்வைப் பார், குல்நிகார்."

பரிமாறும் கதவில் ஒரு வட்டக் கண்ணாடி.
அதில்தான் என் விருந்து.
பைப்பை அக்குளில் இடுக்கியவன் முன்னே நடந்தான்,
பின்னால் வெள்ளித் தட்டு, எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள்.
ஒருவர் அந்தக் குடல்மூட்டையின் எதிரே நின்று
கையை வீசி வீசிக் கவிதை சொன்னார்.
புகழ்ந்தாரா ஏசினாரா விளங்கவில்லை,
முடிவில் கத்தியைச் செருகினார்.
அத்தனை பேருக்கும் கண்கலங்கியது.
பாதிப் பேர் அந்த நாட்டில் பிறந்தவர்களே அல்ல:
நார்வேக்காரர், ஒரு கனடாக்காரி,
எங்கள் வரவேற்பு மேசை நர்மினா,
தோளில் கடன்வாங்கிய கட்டம்போட்ட பட்டை.

நான் கருநீலத்தைத் தேடினேன்.
சுவரோரம்.
நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த கை,
கைக்கடிகாரம் மணிக்கட்டில் வளையலாக இறங்கி.
முகத்தை அன்றுதான் பார்க்கிறேன்,
நான் நினைத்ததைவிட இளையவர்.

அக்கார்டியன் வேகம் எடுத்தது.
இரண்டு வரிசை, எதிரெதிரே.
ராங்கின் அம்மையார் குறுக்கே நடந்துபோய்
ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினார்,
கணக்கில் வராத ஒரு தொகையைக்
கேட்டு வாங்குவது போல.

ஒரு சுற்று. இன்னொன்று.
கைமாறி, தோள்மாறி, நர்மினாவிடம்,
பச்சைக் கட்டத்திடம், மறுபடி அம்மையாரிடம்.
இருபத்தேழும் விரிந்தன,
இருபத்தேழும் அதனதன் இடத்தில் வந்து விழுந்தன.
மூன்றாவது சுற்றில் நின்றுவிட்டார்.
குனிந்து, முட்டியில் கைவைத்து,
மூச்சுக்கு நடுவே சிரித்துக்கொண்டு.
மிர்சாகா என்னைத் தள்ளினான்,
"வழிவிடு, தட்டு சுடுகிறது."

காலையில் மூட்டை கீழே வந்தது.
வியர்வை, விஸ்கி, யாருடைய வாசனைத் தைலமோ.
கருநீலத்தின் வாரை விரித்துப் பார்த்தேன்.
மூன்றில் புது மடிப்பு.
ஆணித் துளை தொடப்படவில்லை.

என் தையலைப் பிரிக்கவில்லை.
அடுத்த நவம்பரில் பெருத்து வந்தால்
பிரித்துவிடலாம்.
ஐந்து நிமிஷ வேலை.