நாற்பத்தொன்றாம் குழாய்

இருபத்திரண்டே எழுத்து.
பஸ் டிக்கெட்டின் முதுகில் எழுதினால்
மிச்சம் இடம் இருக்கும்.
அதைத்தான் ஆறு வருஷமாகப் படிக்கிறேன்,
பீளமேட்டில், இரண்டாம் மாடியில்,
ஏ.சி. சொட்டுகிற ஜன்னலோரம்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்றேன்.
தறிக்குடோனில் கணக்கு எழுதும் மாமனார்
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
"அது என்னதாங் கண்ணு செய்யும்?"
ஒண்ணும் செய்யாதுங் மாமா.
செல்லுக்குள் வேலை சொல்ல வருகிற சேதியின்
வாயைப் பொத்தும். அவ்வளவுதான்.
"இதுக்குச் சம்பளம் வேறயா?"
அதற்கா, எனக்கா என்று கேட்கவில்லை.

பெயர்கூடக் கிடையாது, எண்தான். இருபத்தொன்று.
கட்டிக்குள் கூடினால்
"போதும், நில்" என்கிற சேதியை அமுக்கும்.
கட்டி பெருக்கும்.
இதயத்துக்குள் கூடினால்
துடிக்கவேண்டிய தசைக்கு நடுவே
தழும்பு மாதிரி நார் படியும்.
அதே எழுத்து, அதே வரிசை.
புற்றுக்கு ஒரு வார்டு, நெஞ்சுக்கு ஒரு வார்டு என்று
நாம்தான் பிரித்து வைத்திருக்கிறோம்,
நடுவில் ஒரு கேன்டீனோடு.

ராமாத்தாளுக்கு இரண்டு வார்டும் தெரியும்.
குண்டடம் பக்கத்து நூல்மில்லில்
அறுந்த இழை ஒட்டுகிறவர்.
மார்பில் வந்ததைச்
செவப்பு மருந்து ஏற்றிக் கரைத்தார்கள்.
நாலாம் வருஷம் மில் படி ஏறுகையில்
மூச்சு நின்று நின்று வந்தது.
என் பட்டியலில் அவர் நாற்பத்தொன்று.

மார்கழியில் ஒரு ராத்திரி
திரையில் கோடுகள் எழும்பின.
மூச்சிரைக்கிறவர்கள் அத்தனை பேரிடமும்
எட்டு மடங்கு.
யாரை எழுப்பிச் சொல்வது?
ஹோப்ஸ் பேக்கரியில் தேங்காய் பன் வாங்கிவந்து
ஃப்ரீசர் உறுமலுக்குப் பக்கத்தில் நின்று தின்றேன்.
கை நடுங்கியது.
கருத்தரங்குக்குச் சுருக்கம் அனுப்பினேன்.

பதினைந்து நாள் கழித்து
சும்மா ஒரு குழாயை வெளிச்சத்தில் பிடித்தேன்.
வைக்கோல் நிறத்தில் இருக்கவேண்டிய நீர்
தண்ணீர் கூடின நன்னாரி சர்பத்தாக இருந்தது.
சிவப்பணு உடைந்திருக்கிறது.
அதற்குள் மட்டும் குடியிருக்கும்
நானூற்று ஐம்பத்தொன்றும்
கூடவே எழும்பியிருக்கிறது; நான்தான் பார்க்கவில்லை.
நோயில்லாதவர்கள் என்று ஒப்பிட்டதெல்லாம்
எங்கள் காலேஜ் பிள்ளைகள்.
லிஃப்டில் வந்த ரத்தம்.

"தாராபுரத்திலிருந்து எப்படிக் கொண்டுவந்தாய்?"
திருமூர்த்தி தலையைச் சொறிந்தான்.
"பஸ்ஸுலதாங் மேடம். செம கூட்டம்.
பெட்டியை டிரைவர் பக்கத்துல
எஞ்சின் மேல வெச்சிருந்தேன்."
குண்டடம், பொங்கலூர், பல்லடம், சூலூர்.
எத்தனை வேகத்தடை என்று
கோட்டின் ஏற்ற இறக்கத்தில் எண்ணலாம்.
நான் படித்தது நெஞ்சை அல்ல.
ரோட்டை.

சுருக்கத்தைத் திரும்பப் பெறுகிறேன்
என்று ஒரே வரியில் மெயில் போட்டேன்.
ஒரு வரி எழுத ஒரு மத்தியானம் ஆனது.

தை பிறந்து, கடன் வாங்கிய மையச்சுழலியைக்
காரின் பின் சீட்டில் வைத்து
பெல்ட் போட்டு ஓட்டிப்போனேன்.
ராமாத்தாள் கேட்பதற்கு முன்பே கையை நீட்டினார்.
"போன தடவை எடுத்தது என்னாச்சுங்?"
சொன்னேன்: பஸ் குலுக்கலில் உடைந்துபோனது,
உதவாது என்று.
சிரித்தார். சிரிப்பு இருமலாகி,
மூச்சுக்காகக் கொஞ்சம் காத்திருந்துவிட்டுச் சொன்னார்:
"செவப்பு மருந்து ஏத்திக்கிட்டு
ஆறு தடவையும் அந்த பஸ்ஸுலதானுங்
வூட்டுக்கு வந்தேன்.
பல்லடம் வரைக்கும் நின்னுட்டு."

சுழலி பத்து நிமிஷம் சுற்றியது.
நடுவில் ஒருமுறை கரன்ட் போய்
முதலிலிருந்து சுற்றவேண்டியதாயிற்று.
மேலே தெளிந்தது
வைக்கோல் நிறம்தான்.
அதற்குள் இருபத்தொன்று கூடியிருக்கிறதா, இல்லையா,
பார்த்துச் சொல்ல மாசி ஆகும்.

படிவத்தில் பேனாவால் ஒரு கட்டம் போட்டேன்:
சிகிச்சைக்கு வந்துபோனது
நின்றா, உட்கார்ந்தா.
"இதை எந்தக் கணக்குல மேடம் சேர்க்கிறது?"
தெரியலை, திருமூர்த்தி.
எழுதிக்கோ.