ஈரக் கழிவு

கோத்தகிரி கோர்ட் ஏற்றத்தில் மூச்சு வாங்கியபடி
ஹாலன் நீட்டிய நோட்டீசில்
இரண்டு கோடி ரூபாய் இருந்தது.
ஆறு சொல்லுக்கு.

பச்சிலை எடை போடும் கொட்டகையில்
அன்றன்றைய விலை எழுதும் கரும்பலகை.
விலைக்குக் கீழே அவர் எழுதியது:
இந்தத் தராசு பொய் சொல்கிறது.
முதலாளிக்கும் தெரியும்.

"தராசு கேஸ் போடாது மேடம்,
கடைசி ரெண்டு வார்த்தைதான் வினை" என்றார்.
சரியாகத்தான் பிடித்திருந்தார்.

மழை நாளில் மூட்டைக்கு மூன்று கிலோ
ஈரக் கழிவு.
வெயில் நாளிலும் மூன்று கிலோ.
அதற்கும் பெயர் ஈரக் கழிவு.

ஓஹியோவிலிருந்து அக்கா மகன் போனில் சொன்னானாம்:
முதலாளி சங்கத் தலைவர், ஊரறிந்த ஆள்,
இங்கேயாக இருந்தால் மாமா
நீங்கள் எழுதியது பொய் என்று
அவர்தான் காட்ட வேண்டும்.
பொய்யென்று தெரிந்தே எழுதினீர்கள்,
இல்லை, பொய்யோ என்ற சந்தேகத்தோடே எழுதினீர்கள்
என்றும் காட்ட வேண்டும்.

"நம்ம ஊர்ல?"

நம்ம ஊரில் இந்தக் கட்டடம் மாதிரி, ஐயா.
கல்லும் ஓடும் வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போனது.
ஒழுகும் இடத்தில் பக்கெட் வைப்பதுதான் நாம்.
சொன்னவனே சுமக்க வேண்டும்.
மெய்தான் என்று
மேடேறிக் கொண்டுவந்து இறக்க வேண்டும், மூட்டையாக.
அமெரிக்காவில் அதே மூட்டையை
அடிபட்டேன் என்பவன் முதுகுக்கு மாற்றிவிட்டார்கள்.
லண்டனில்கூட இப்போது கொஞ்சம் இளகி
பெரிய சேதம் என்றால் மட்டும் வா என்கிறார்களாம்.
நாம் இன்னும் பழைய ஓட்டுக்கடியில்.

கிரிமினலில் போட்டால் இன்னொன்றும் கேட்பார்கள்.
மெய்யே ஆனாலும்
ஊருக்கு நல்லதா அது?

அவர் விரல் மடக்கி எண்ணினார்.
"அந்தக் கொட்டகைக்கு இலை போடுறது
நாப்பத்தேழு வீடு."

அமெரிக்காக்காரன் யோசித்துத்தான் செய்திருக்கிறான்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
வரவில்லை.

வார்டு எலெக்‌ஷனில் நான் நின்ற வருஷம்
பஸ் ஸ்டாண்டு கழிப்பறையிலிருந்து மார்க்கெட் வரை
பசை காயாத போஸ்டர்:
கட்சிக்காரன் காசைத் தின்ற வக்கீல் ஜெசிந்தா.
அச்சகத்தின் பெயர் இல்லை.
மகள் பள்ளிக்கூடம் போகிற வழி அது.
விடிவதற்குள் நகத்தால் சுரண்டினேன்.
எல்லாம் வந்தது,
'ஜெ' மட்டும் சுவரை விடவில்லை.

ஓஹியோ கணக்கில் அன்று நானும் ஊரறிந்த ஆள்.
ஒட்டியவன் நெஞ்சுக்குள் இறங்கி
அவனுக்குத் தெரியும் என்பதை
நான்தான் கையோடு எடுத்து வர வேண்டும்.
அந்தக் காலையில் எனக்கு
ஒழுகினாலும் பரவாயில்லை,
இந்தப் பழைய ஓடுதான் வேண்டியிருந்தது.

இதை ஹாலனிடம் சொல்லவில்லை.
பீஸ் பற்றிப் பேசினோம்.

வியாழக்கிழமை கொட்டகைக்குப் போனேன்.
எடை போடுகிறவன் டீ குடிக்கப் போயிருந்தான்.
காலையில் அரசு ஆஸ்பத்திரியில் அறுபத்தொன்று.
இங்கே, நனைந்த ஸ்வெட்டரும் செருப்புமாக ஏறி நின்றால்
ஐம்பத்தாறு.

ஹாலன் சிரித்தார்.
"சாட்சி கிடைச்சாச்சு."
வக்கீல் சாட்சிக் கூண்டில் ஏறினால்
வக்காலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றேன்.
இறங்கினேன்.
முள் ஆடி, பூஜ்யம் தாண்டி,
மெதுவாகத் திரும்பி வந்தது.

நோட்டீஸ் வந்த அன்றே அவர் அழித்த எழுத்து
சாரலில் பலகைமேல் மங்கலாகத் தெரிந்தது.
சட்டைப்பையிலிருந்து சாக்பீஸ் எடுத்தார்.
"இன்னொரு தரம் எழுதட்டுமா மேடம்?"

முதல் நாலு வார்த்தை மட்டும், என்றேன்.

பலகை நனைந்திருந்தது.
'இந்தத்' வரைக்கும் வழுக்கி வழுக்கிப் போய்
கையிலேயே கரைந்தது சாக்பீஸ்.