முதலாளிக்குச் சலம் போகவில்லை

முதலாளி என்று பெயர் வைத்தது கிளமென்ற்.
வேலைக்குப் போகாமல் சாப்பிடுகிறவன்,
வீட்டில் ஒருவனாவது அப்படி இருக்கட்டும் என்று.
பிறகு கிளமென்ற் டோஹாவுக்குப் போனான்.
கொட்டாஞ்சேனை, நாலாம் மாடி.
ஒரு கடுவன் பூனை, நான்.

செவ்வாய்க்கிழமை
மணல் தட்டில் ஏறிக் குந்தினான்.
இறங்கினான். திரும்ப ஏறினான்.
மலச்சிக்கலாக்கும் என்று
விரல் நுனியில் தேங்காயெண்ணெய் நக்கக் கொடுத்தேன்.
புதன்கிழமை
ஸ்திரி போட்டு வைத்த என் வெள்ளைச் சட்டையில்
மூன்று சொட்டு.
விளக்குமாற்றால் ஒன்று வைத்தேன்.
கட்டிலுக்கடியில் போய்
முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான்.
சட்டையை ஊறப்போடும்போதுதான் பார்த்தேன்,
மூன்று சொட்டும் ரோசா நிறம்.

இரவு பதினொன்றரைக்கு அவன் அழுதது
பூனை அழுகிற மாதிரி இல்லை.
அடிவயிற்றைத் தொட்டேன்,
தேசிக்காய் அளவில் ஒரு கல்.

மாளிகாவத்தை இர்ஷான் ஓட்டோ கொண்டுவந்தான்.
"என்னக்கா, பூனைக்கா இந்தப் பாடு?" என்றவன்
கூடைக்குள் எட்டிப் பார்த்த பிறகு
மீட்டர் போடவில்லை.
நாரஹேன்பிட்டிவரைக்கும்
பள்ளம் வந்த இடமெல்லாம்
முதலாளியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓட்டினான்.

டொக்டர் சின்னப் பெண்.
"கடைசியாய் எப்போது போனது?"
சிங்களத்தில் கேட்டாள்.
எனக்குச் சிங்களம் தெரியும்,
பதில்தான் தெரியவில்லை.
துறைமுகத்தில் கிளியரிங் வேலை எனக்கு.
எந்தக் கப்பல் எத்தனை நாளாய்
வெளிக்கடலில் நங்கூரம் போட்டுக் கிடக்கிறது,
எந்தக் கொண்டெய்னர் யாருடைய கையெழுத்துக்காக அடைபட்டிருக்கிறது,
நித்திரையில் கேட்டாலும் சொல்லுவேன்.

நூல் போல ஒரு குழாய்.
மயக்கத்தில், நாக்கு வெளியே தொங்க, முதலாளி.
முதலில் ஒன்றுமே இல்லை.
தள்ளினாள், இழுத்தாள், திரும்பத் தள்ளினாள்.
பிறகு வந்தது,
பிளேன்ரீ நிறத்தில், கலங்கி,
வந்துகொண்டே இருந்தது.
கிண்ணத்தைச் சரித்துக் காட்டினாள்.
"வெலி" என்றாள்.
மணல்.
"விடியும்வரை விட்டிருந்தால்" என்று தொடங்கி
என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

மூன்று நாள் அங்கேதான்.
நாற்பத்தோராயிரத்து ஐந்நூறு. சீட்டுக் காசு போனது.
வீடியோவில் வந்த கிளமென்ற்
"முதலாளி சலம் போனானா?" என்றுதான் தொடங்கினான்.
நான் சாப்பிட்டேனா என்பது நாலாவது கேள்வி.
கோபம் வரவில்லை.
நானும் அன்று முழுக்க அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கிலோக்கணக்கில் வாங்குகிற காய்ந்த தீனி கூடாது.
தண்ணீர் நிறையப் போகவேண்டும்.
"கிண்ணத்தைத் திரும்பியும் பார்க்கமாட்டான், மிஸ்."
"ஓடுகிற தண்ணீரைக் குடிப்பான். குழாயைச் சொட்டவிடுங்கள்."
மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே,
தலை நிமிராமல்,
"அடக்கி வைத்தால் யாருக்கும் கூடாதுதானே" என்றாள்.

யாருக்கும்.

எங்கள் கந்தோரில் பெண்கள் நாலு பேர்.
கழிவறை ஒன்று. அதற்கொரு பூட்டு.
சாவி, பண்டார ஐயாவின் லாச்சியில்.
கேட்டால் தருவார். நல்ல மனிசன்.
கேட்கவேண்டும், அவ்வளவுதான்,
பதினேழு ஆண்கள் நிமிர்ந்து பார்க்க.
காலை ஆறரைக்கு ஒரு தேநீர்,
பிறகு மாலை ஐந்தரைவரை
நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை.
எரிந்தால் வெந்தயம்.
குளிர்காய்ச்சல் வந்தால் பனடோல்.
பதினொரு வருடம். யாரும் என்னை எங்கேயும் கூடையில் தூக்கிப் போனதில்லை.

திங்கட்கிழமை
ஒரு லீற்றர் போத்தலோடு போனேன்.
பத்து மணிக்குள் முடித்தேன்.
பதினொன்றுக்குப் பண்டார ஐயாவின் மேசைக்கு முன்னால்
கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.
சாவியில் கட்டியிருந்த மரக்கட்டை
இவ்வளவு பாரம் என்று தெரியாது.

இப்போது இரவு.
குழாய் சொட்டுகிறது. தண்ணீர் பில் வரும், வரட்டும்.
மணல் கிளறுகிற சத்தம். நிற்கிறது.
பிறகு அந்த மற்றச் சத்தம்,
நீளமாய், அவசரமில்லாமல்.
எழும்பி, லைட் பில்லின் பின்பக்கத்தில்
கோடு போடுகிறேன்.
அவனுக்கு நாலு.
எனக்கு இரண்டு.