பத்தொன்பது நிமிடம்

பீடோர். ஆலைக்குப் பின்னால் ஆய்வறை.
செம்பனைக் கழிவுநீர் பன்னிரண்டு குடுவைகளில்
கமுக்கமாய்க் குமிழ்விட்டுக்கொண்டிருக்கிறது.

அழுத்த உணரி நொடிக்கொரு எண் சொல்லும்,
வாயாடி.
வாயு அளக்கும் பெட்டியோ
பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் வாய் திறக்கும்.
இரண்டையும் ஒரே தாளில் உட்காரவைக்க
மூன்று இரவாய்ப் பார்க்கிறேன்:
இது ஏறும்போது அது சும்மா இருக்கிறது.

உணரி பழுது என்றார் கோமளவள்ளி.
பெட்டியைக் கழுவு என்றான் ஹைருல்.

குலை ஏற்றிய லோரி ஒன்று
சுவரைக் குலுக்கிப்போன பின்னிரவில்
நடுங்கிய குழாயைப் பிடித்து நிறுத்தினேன்.
பிடித்த கையோடு அளந்தும் பார்த்தேன்.
ஒன்பது மீட்டர்; கூரையேறி, ஜன்னல் சுற்றி.
மீத்தேனும் நடந்துதானே வரவேண்டும்!

ஒரு வரிசையைப்
பத்தொன்பது நிமிடம் மேலே தள்ளினேன்.
மேடு மேட்டில் உட்கார்ந்தது,
பள்ளம் பள்ளத்தில்.

ஏழாம் குடுவை, இரண்டு நாற்பது மட்டும்
எதிலும் சேரவில்லை.
அழுத்தம் சரிந்து, காற்று புகுந்து,
கொஞ்சம் கரியமிலவாயு.

நேற்று மூடியைத் திறந்து, குனிந்து,
"உயிரோடுதான் இருக்கியா?" என்று
நான்தான் கேட்டேன்.

அழிக்கவில்லை.
குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்:
என் மூச்சு.